4 ஜிபி ராம் லேப்டாப்பில் எந்த லினக்ஸ் போடுவது? மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

“அண்ணா, உபுண்டுவா மிண்டா, எது பெஸ்ட்?” என்று கேட்டபடியேதான் பக்கத்து வீட்டுப் பையன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலாண்டு. அவன் அப்பா சென்னை ரிச்சி தெருவில் பேரம் பேசி, ஏதோ ஓர் ஆபீஸ் கழித்துக்கட்டிய லேப்டாப்பை வாங்கியிருந்தார். இன்டெல் ஐ5 ஆறாம் தலைமுறை, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. அந்த விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துவிட்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால், இன்டெலில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்கு முந்தைய எதையும் அது முறைப்படி ஏற்றுக்கொள்வதில்லை. ஆக, அவனுக்கு லினக்ஸ் கொள்கை முடிவெல்லாம் கிடையாது, வேறு வழி இல்லாமல் வந்து சேர்ந்தது. என்னிடம் வருகிற பாதிப் பேர் இப்படித்தான்.

அவன் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. “முதல்ல லேப்டாப்பை ஆன் பண்ணு, உள்ளே என்ன இருக்குன்னு பார்ப்போம்” என்றேன். டிஸ்ட்ரோவை, அதாவது லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் உபுண்டு, மிண்ட் மாதிரியான வகைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது கடைசி வேலை. அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைச் சரியாகத் தெரிந்துகொண்டால் பட்டியலில் இரண்டோ மூன்றோ பெயர்தான் மிஞ்சும், அதில் எதைப் போட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

முதல் படி: லேப்டாப்பைப் படியுங்கள்

விண்டோஸ் இன்னும் உள்ளே இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ் பக்கம் போனால் பிராசஸர் பெயர், ராம் எவ்வளவு, ராம் ஸ்லாட் எத்தனை, அதில் எத்தனை காலி, டிஸ்க் எஸ்எஸ்டியா பழைய ஹார்டு டிஸ்க்கா என்று எல்லாம் ஒரே இடத்தில் தெரியும். பிறகு டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர் என்ற இடத்தில் வைஃபை சிப்பின் பெயரைப் பார்த்து ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்டெல் என்று இருந்தால் நிம்மதி. ரியல்டெக் என்றால் பெரும்பாலும் வேலை செய்யும், சில பழைய மாடல்கள் சண்டித்தனம் பண்ணும். பிராட்காம் என்றால் தனியாக டிரைவர் போட வேண்டியிருக்கலாம். அதற்கான வழி பின்னால் வருகிறது.

இந்தப் படியில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பையனின் லேப்டாப்பில் இருந்தது சுழலுகிற பழைய ஹார்டு டிஸ்க். அதை வைத்துக்கொண்டு எந்த லினக்ஸ் வேகம் என்று ஆராய்வது, பஞ்சர் ஆன சைக்கிளுக்கு எந்த எண்ணெய் போடலாம் என்று கேட்பது மாதிரி. முதலில் ஹார்டு டிஸ்க்கிலேயே லினக்ஸ் மிண்ட் போட்டுக் காட்டினேன். பவர் பட்டனை அழுத்தி பிரவுசர் திறக்கிற வரைக்கும் அவன் ஃபோனை எடுத்து ரீல்ஸ் பார்க்கத் தொடங்கிவிட்டான், கிட்டத்தட்ட இரண்டு நிமிடம். அடுத்த வாரம் ஒரு 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி வாங்கி வந்தான். நான்கு திருகு கழற்றி மாற்றி, அதே மிண்டை அதே மாதிரி போட்டோம். அரை நிமிடத்துக்குள் பிரவுசர் வந்து நின்றது. கையில் இருக்கிற காசில் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எஸ்எஸ்டிதான், ராம் அப்புறம்.

ராம் வாங்குவதானால் ஒரு விஷயம். ஆறாம் தலைமுறை லேப்டாப்புகளில் டிடிஆர்3எல் போட்டதும் உண்டு, டிடிஆர்4 போட்டதும் உண்டு, ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காராது. மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கிற ராமில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மெல்லிசான புது பட்ஜெட் லேப்டாப்புகள் சிலவற்றில் ராமை போர்டோடு பற்றவைத்திருப்பார்கள், அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இரண்டாம் படி: படிப்பைக் கேளுங்கள்

இதைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், பிறகு முதல் செமஸ்டர் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐடி, டேட்டா சயின்ஸ் என்றால் கவலையே வேண்டாம். சி, பைதான், ஜாவா, மைஎஸ்கியூஎல், விஎஸ் கோடு எல்லாம் லினக்ஸில் நன்றாகவே ஓடும், சில விஷயங்கள் விண்டோஸைவிடச் சுலபம். எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்களுக்கு ஆர்டுயினோ, கைகேட் இரண்டும் உண்டு. மேட்லாப்கூட லினக்ஸுக்கு வருகிறது, கல்லூரி லைசன்ஸ் இல்லாதவர்கள் அதற்கு இணையான இலவச ஆக்டேவில் பெரும்பாலான பயிற்சிகளைச் செய்துவிடலாம்.

மெக்கானிக்கல், சிவில், ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ், ரெவிட் எதுவும் லினக்ஸுக்கு இல்லை. ஃப்ரீகேட் நல்ல மென்பொருள்தான், ஆனால் உங்கள் ஆசிரியர் ஆட்டோகேட் கோப்புதான் கேட்பார், ஃப்ரீகேட் கோப்பைக் கொண்டுபோய் நீட்டினால் லேப் மார்க் வராது. பி.காம். மாணவர்களுக்கு டாலி விஷயத்திலும் இதே கதை. இவர்களெல்லாம் விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே லினக்ஸையும் போட்டுக்கொள்ளலாம், அல்லது அந்த ஒரு பாடத்துக்குக் கல்லூரி லேபை நம்பலாம். வைன் என்ற மென்பொருள் வழியாக விண்டோஸ் புரோகிராம்களை ஓட்டலாம் என்று யூடியூபில் சொல்வார்கள். சிறிய புரோகிராம்களுக்குச் சரி, ஆட்டோகேடுக்கெல்லாம் அதை நம்பி உட்காராதீர்கள்.

இன்னொன்று, ஆன்லைன் தேர்வு. கேமராவை ஆன் பண்ணச் சொல்லிக் கண்காணிக்கிற தேர்வுகள் பலவும் குரோம் பிரவுசரிலேயே நடந்துவிடும். சில தேர்வுகளுக்குத் தனி மென்பொருள் வேண்டும், உதாரணத்துக்கு சேஃப் எக்ஸாம் பிரவுசருக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. உங்கள் கல்லூரியில், பிளேஸ்மென்ட் தேர்வுகளில் என்ன பயன்படுத்துகிறார்கள் என்று சீனியர்களிடம் கேட்டுவிட்டு விண்டோஸை அழியுங்கள்.

மூன்றாம் படி: டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுங்கள், டிஸ்ட்ரோ தானாக வரும்

புதிதாக வருகிறவர்களுக்கு இது சட்டென்று விளங்காது. லினக்ஸில் கண்ணுக்குத் தெரிகிற மெனு, பேனல், ஜன்னல் எல்லாவற்றையும் தருவது டெஸ்க்டாப் என்ற தனி அடுக்கு. க்னோம், கேடிஇ, சின்னமன், எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்கியூடி என்று பல இருக்கின்றன. குறைந்த ராம் உள்ள லேப்டாப்பில் வித்தியாசம் தெரிவது பெரும்பாலும் இந்த அடுக்கில்தான். ஒரே உபுண்டு அடித்தளத்தின்மேல் க்னோம் வைத்தால் உபுண்டு, எக்ஸ்எஃப்சிஇ வைத்தால் சுபுண்டு, எல்எக்ஸ்கியூடி வைத்தால் லுபுண்டு. 4 ஜிபி லேப்டாப்பில் க்னோம் எழுந்து உட்காரவே ஒரு ஜிபிக்கு மேல் கேட்கும். எக்ஸ்எஃப்சிஇ அதைவிடக் குறைவாகக் கேட்கும், எல்எக்ஸ்கியூடி இன்னும் கொஞ்சம் குறைவு.

ஆனால் இந்தக் கணக்கில் ரொம்ப மூழ்கிவிட வேண்டாம். டெஸ்க்டாப்பில் 300 எம்பி மிச்சம் பிடித்துவிட்டு குரோமில் பதினைந்து டேப் திறந்தால் மிச்சம் பிடித்தது எங்கே போனதென்றே தெரியாது. 4 ஜிபியில் உண்மையான எதிரி பிரவுசர்தான்.

என் பரிந்துரை இதுதான். 4 ஜிபி ராம், 64 பிட் பிராசஸர், லினக்ஸுக்குப் புதியவர் என்றால் லினக்ஸ் மிண்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் இருந்தால் அதே மிண்டின் சின்னமன் பதிப்பு, பார்க்கவும் லட்சணமாக இருக்கும். மிண்ட் 22 வரிசை உபுண்டு 24.04-இன் மேல் கட்டப்பட்டது, 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். 2025-இல் பொறியியல் சேர்ந்த ஒருவருக்கு நான்கு வருடப் படிப்பு முடிகிற வரைக்கும் தாங்கும், நடுவில் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுகிற வேலை இல்லை. லுபுண்டுவும் சுபுண்டுவும் நல்லவைதான், ஆனால் அவற்றின் நீண்டகாலப் பதிப்புகளுக்கே மூன்று வருடம்தான் ஆதரவு.

உபுண்டுவையே நேரடியாகப் போட்டால் என்ன? போடலாம், 8 ஜிபி இருந்தால். அதில் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் என்ற பொட்டலமாக வருகிறது, பழைய ஹார்டு டிஸ்க்கில் முதல் தடவை திறக்க முக்கி முனகும். மிண்டில் ஸ்னாப்பை ஆரம்பத்திலேயே அணைத்து வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே பட்ஜெட் லேப்டாப்புக்கு மிண்ட் என்பேன்.

ஃபெடோரா எனக்குப் பிடிக்கும், என் சொந்தக் கணினியில் அதுதான். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 மாதம்தான் ஆதரவு, வருடத்துக்கு ஒரு முறையாவது ஜிபி கணக்கில் இறக்கியாக வேண்டும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் காலம் தள்ளுகிற ஹாஸ்டல் மாணவருக்கு இதைச் சொல்ல மனம் வரவில்லை. டெபியன் 13, 2025 ஆகஸ்டில் வந்தது, கல் மாதிரி அசையாது. ஒருமுறை லினக்ஸ் பழகியவர் தாராளமாகப் போடலாம். ஆர்ச் லினக்ஸ்? செமஸ்டர் விடுமுறையில் போட்டு விளையாடுங்கள், நிறையக் கற்றுக்கொள்வீர்கள். மறுநாள் ரெக்கார்டு சமர்ப்பிக்க வேண்டியிருக்கிற இரவில் அப்டேட் கொடுத்துப் பார்க்காதீர்கள். காளி லினக்ஸ் போட்டால் ஹேக்கர் ஆகிவிடலாம் என்று எவனாவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், அது பாதுகாப்புச் சோதனை செய்கிறவர்களுக்கான கருவிப்பெட்டி.

வீட்டுப் பரணில் அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த அரசின் விலையில்லா லேப்டாப் தூங்குகிறதா? 2011-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் கொடுத்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. எங்கள் தெருவில் அதை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்காதவர்கள்தான் அதிகம். 2 ஜிபி ராம் உள்ள அந்த மாதிரி இயந்திரங்களுக்கு லுபுண்டு அல்லது ஆன்டிஎக்ஸ் முயன்று பார்க்கலாம். டைப் அடிக்க, பிடிஎஃப் படிக்க, சி புரோகிராம் எழுத ஆகும். ஆன்லைன் வகுப்புக்கு ஆகாது, ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். பிராசஸரே 32 பிட் என்றால் விட்டுவிடுங்கள். டெபியன் 13-ஐ அதில் புதிதாக நிறுவ முடியாது, ஃபயர்பாக்ஸும் 2025-இல் 32 பிட் லினக்ஸைக் கைவிட்டுவிட்டது.

நான்காம் படி: இறக்குவதும் பென்டிரைவும்

மிண்டை நிறுவத் தேவையான ஐஎஸ்ஓ கோப்பு கிட்டத்தட்ட 3 ஜிபி வரும். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி கிடைக்கிற ரீசார்ஜில் ஒரே நாளில் முடியாது. அதற்கு டோரன்ட்தான் வழி, இன்று பாதி இறக்கி நாளைக்கு விட்ட இடத்திலிருந்து தொடரலாம், கோப்பு சரியாக வந்ததா என்று அதுவே சரிபார்த்தும் விடும். பிரவுசர் வழியாக இறக்கினால் அந்தச் சரிபார்ப்பை நீங்கள்தான் செய்ய வேண்டும். செவன்ஜிப் நிறுவியிருந்தால் கோப்பின்மேல் வலது கிளிக் செய்து எஸ்ஹெச்ஏ256 என்ற சரிபார்ப்பு எண்ணை எடுத்து, மிண்ட் தளத்தில் போட்டிருப்பதோடு ஒப்பிடுங்கள். பாதி கெட்ட ஐஎஸ்ஓவை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் வீணடித்திருக்கிறேன்.

பென்டிரைவில் ஏற்ற ரூஃபஸ், எட்சர் என்று பல கருவிகள் உண்டு. எது வேண்டுமென்று இன்னும் முடிவு பண்ணாதவர்களுக்கு வென்டாய் நல்லது. அதை ஒருமுறை பென்டிரைவில் நிறுவிவிட்டால் போதும் (அப்போது பென்டிரைவில் இருக்கிறதெல்லாம் அழியும், அதை முதலில் பாருங்கள்), பிறகு ஐஎஸ்ஓ கோப்புகளைப் பாட்டு காப்பி பண்ணுவது போல உள்ளே போட்டுக்கொண்டே போகலாம். 16 ஜிபி பென்டிரைவில் மிண்ட், லுபுண்டு, டெபியன் மூன்றும் இடம் பிடித்துக்கொள்ளும். பூட் ஆகும்போது எது வேண்டும் என்று பட்டியல் காட்டும்.

ஐந்தாம் படி: நிறுவாமல் ஒரு மாலை ஓட்டிப் பாருங்கள்

பென்டிரைவைச் செருகி, ஆன் செய்தவுடன் பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல்லிலும் லெனோவோவிலும் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஆசஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12-தான், ஆனால் பல மாடல்களில் முதலில் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வருகிற அமைப்புத் திரை) போய் அந்த மெனுவை இயக்க வேண்டும். சரிபார்க்கப்படாத சிஸ்டத்தைத் தடுக்கிற செக்யூர் பூட் ஆனில் இருந்தால் வென்டாய் முதல் தடவை நீலத் திரை காட்டி, அதன் சாவியைச் சேர்க்கச் சொல்லும். பயப்பட வேண்டாம், அதில் வருகிறபடி ஒரு முறை சேர்த்துவிட்டால் பிறகு கேட்காது.

லைவ் முறையில், அதாவது நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே, டெஸ்க்டாப் வந்துவிட்டதா? இப்போது வால்பேப்பர் மாற்றுவதை விட்டுவிட்டு இவற்றைப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, பிடித்தபின் பத்து நிமிடம் நிற்கிறதா. யூடியூபில் ஒரு வீடியோ, சத்தம் இரண்டு பக்கமும் வருகிறதா. இயர்ஃபோன் செருகினால் சத்தம் அதற்கு மாறுகிறதா. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற விசைகள், டச்பேடில் இரண்டு விரலால் நகர்த்துவது, கேமரா, புளூடூத். கடைசியாக மூடியைச் சாத்திவிட்டு ஐந்து நிமிடம் கழித்துத் திறங்கள்.

பையனின் லேப்டாப் மாட்டியது அந்தக் கடைசிச் சோதனையில்தான். மூடித் திறந்ததும் திரை வந்தது, வைஃபை வரவில்லை. முதலில் பார்த்த லுபுண்டுவில் இந்தக் கோளாறு, அதே பென்டிரைவிலிருந்து மிண்டை எடுத்துப் பார்த்தால் ஒழுங்காக வந்தது. லுபுண்டு ஐஎஸ்ஓ பழையது, அதில் இருந்த கர்னலும் (லினக்ஸின் மையப் பகுதி) பழையது, அவ்வளவுதான். எங்கேயாவது மதிப்பீடு படித்து முடிவு பண்ணியிருந்தால் இது தெரிந்திருக்காது, நிறுவிய பிறகு வகுப்பில் உட்கார்ந்து முழித்திருப்பான்.

வைஃபை சிப்பையே லினக்ஸ் கண்டுகொள்ளவில்லை என்றால் ஃபோனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, ஃபோனில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் உடனே இணையத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு மிண்டில் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பிராட்காம் டிரைவரை அதுவே எடுத்துத் தரும்.

ஆறாம் படி: நிறுவுதல்

நிறுவுவதற்கு முன் உங்கள் கோப்புகளை வேறு எங்காவது நகல் எடுத்துவிடுங்கள். இதைத் தாண்டி வாசிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், திரும்பி வந்து எடுத்துவிட்டுப் போங்கள்.

விண்டோஸை முழுக்க அழிப்பதென்றால் வேலை சுலபம், டிஸ்க்கை அழித்து நிறுவு என்பதைத் தேர்ந்தெடுத்தால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். இரண்டும் வேண்டும் என்றால் விண்டோஸுக்குள்ளேயே சில வேலை இருக்கிறது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கிற பிட்லாக்கர் ஆனில் இருந்தால் அதன் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், பூட் அமைப்பைத் தொட்டவுடன் விண்டோஸ் அதைக் கேட்டு நிற்கும். டிஸ்க் மேனேஜ்மென்டில் சி டிரைவைச் சுருக்கி, குறைந்தது 60 ஜிபி காலி இடம் விடுங்கள். நிறுவும்போது டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயாஸில் இன்டெல் ஆர்எஸ்டி என்ற டிஸ்க் அமைப்பு ஆனில் இருக்கக்கூடும். அதை ஏஹெச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்றினால் லினக்ஸுக்கு டிஸ்க் தெரியும், ஆனால் விண்டோஸ் பூட் ஆகாமல் முரண்டு பிடிக்கலாம், அதனால் இரண்டும் வேண்டுமென்பவர்கள் விவரம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். 64 ஜிபி இஎம்எம்சி (போர்டிலேயே பதித்த சின்னச் சேமிப்பகம்) மட்டுமே உள்ள சின்ன லேப்டாப்பில் இரண்டு சிஸ்டம் என்ற ஆசையே வேண்டாம், இரண்டும் மூச்சுத் திணறும்.

ஏழாம் படி: முதல் நாள் செய்ய வேண்டியவை

அப்டேட் மேனேஜரை ஓட்டுங்கள், இதற்கும் சில நூறு எம்பி போகும், கல்லூரி வைஃபையில் செய்தால் லாபம். சிஸ்டத்தை நகல் எடுத்து வைக்கிற டைம்ஷிஃப்டில் வாரம் ஒரு நகல், இரண்டு மட்டும் வைத்துக்கொள் என்று அமைத்துவிடுங்கள். அதிக நகல் வைத்தால் சின்ன எஸ்எஸ்டி நிரம்பிவிடும். மென்பொருள் நிறுவும்போது ஒரே பெயரில் சிஸ்டம் பேக்கேஜ், ஃப்ளாட்பேக் என்று இரண்டு காட்டும். டேட்டா குறைவு என்றால் சிஸ்டம் பேக்கேஜ், ஏனென்றால் முதல் ஃப்ளாட்பேக் தன் துணைக்கோப்புகளோடு சேர்ந்து நூற்றுக்கணக்கான எம்பியை விழுங்கும். 4 ஜிபிக்காரர்கள் பேக்கேஜ்களைத் தேடி நிறுவுகிற சினாப்டிக்கில் இசட்ராம் கான்ஃபிக் என்ற பேக்கேஜைத் தேடி நிறுவுங்கள். ராமில் இருப்பதையே சுருக்கி வைத்து இடம் பண்ணும், ஏழெட்டு டேப் திறந்தபோது தொங்கி நிற்பது நன்றாகவே குறையும்.

லிப்ரே ஆபிஸில் செய்த அசைன்மென்டை வேர்டு கோப்பாக அனுப்பினால் பக்கங்கள் நகர்ந்துவிடுகின்றன என்பது எல்லோரும் சொல்லும் புகார். பாதிக் காரணம் எழுத்துரு. காலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குப் பதில் கலேடியா, இவை அதே அகலத்தில் செய்யப்பட்டவை, நிறுவிக்கொள்ளுங்கள். ஆசிரியர் திருத்தப்போவதில்லை என்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்பிவிடுங்கள். ஆபீஸ்தான் வேண்டும் என்றால் கல்லூரி மின்னஞ்சல் கணக்கில் அதன் பிரவுசர் பதிப்பு கிடைக்கிறதா என்று பாருங்கள்.

தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ் அல்லது எஃப்சிடிஎக்ஸ் என்ற தட்டச்சுக் கருவியோடு எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பையும் நிறுவி, தமிழ்99 அமைப்பைச் சேருங்கள். ஒரே மெய்யெழுத்தை இரண்டு தடவை அடித்தால் தானாகப் புள்ளி வைப்பதெல்லாம் இதில் ஒழுங்காக வேலை செய்யும். தங்லீஷில் அடித்தே பழகியவர்களுக்கு ஃபோனெடிக் அமைப்பும் அதிலேயே இருக்கிறது. துறை அலுவலகத்திலிருந்து பாமினி, வானவில் எழுத்துருவில் ஒரு கடிதம் வந்து ஜிலேபி எழுத்தாகத் தெரிந்தால் லினக்ஸைத் திட்டாதீர்கள், அது யூனிகோடு இல்லாத பழைய எழுத்துரு. அந்த எழுத்துருக் கோப்பை வாங்கி நிறுவினால் இங்கேயும் தெரியும்.

சந்தேகம் வந்தால் தமிழிலேயே கேட்க ஆள் இருக்கிறார்கள். கணியம் அறக்கட்டளை லினக்ஸ் பற்றித் தமிழில் மின்னூல்களே வெளியிட்டிருக்கிறது. காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் உண்டு. ஐஐடி மும்பையின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லிப்ரே ஆபிஸ், லினக்ஸ் பாடங்கள் தமிழ் ஒலியோடு இலவசமாகக் கிடைக்கின்றன.

அப்புறம், நிறுவி முடித்த கையோடு அந்தப் பென்டிரைவை அழித்துப் படம் ஏற்றிவிடாதீர்கள், பூட் ஆகாமல் போகிற நாளில் கோப்புகளை வெளியே எடுக்க அது வேண்டும். பையன் அதை ஐடி கார்டு கயிற்றிலேயே கோத்து வைத்திருக்கிறான். போன வாரம் வகுப்பில் இரண்டு பேருக்குப் போட்டுக் கொடுத்தானாம். அதில் ஒருவனுக்கு பிராட்காம் வைஃபை, டெதரிங் நினைவுக்கு வராமல் இரவு பதினொரு மணிக்கு எனக்கு ஃபோன் பண்ணினான்.